பின் சக்கரத்தின் மேல் பட்டம்மாள்

பட்டம்மாளின் கயிற்றுக் கட்டில் அறுந்து விழுந்த ஆடி மாசத்து மத்தியானத்தில் அவள் எடை ஐம்பத்து நாலு கிலோவிலிருந்து நூற்றுப் பதினாலாக ஏறியிருந்தது, ஆனால் உடம்பில் ஒரு பிடி சதை கூடவில்லை, வளையல் எப்போதும்போல முழங்கை வரை ஓடியது, ரவிக்கை எப்போதும்போலத் தொளதொளத்தது, ஆகவே அவள் கட்டிலுக்குத்தான் வயசாகிவிட்டது என்று முடிவு கட்டி, தரையில் பாயை விரித்துப் படுத்துத் தூங்கிவிட்டாள்.

இது நடந்த நொச்சிமேடு பட்டணத்துக்கு வடக்கே இருக்கிறது. யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் விமானம் இறக்கப் போட்ட ஓடுதளம் ஒன்று அங்கே புல் முளைத்துக் கிடந்தது, ஓடுதளத்தின் ஓரத்தில் கார் கம்பெனி, கம்பெனியின் முதுகில் நாற்பது ஓட்டு வீடுகள் கொண்ட காலனி. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு எடுக்கும் குண்டுக் கார்களைத்தான் கம்பெனி வருஷக்கணக்காகச் செய்துகொண்டிருந்தது. அறுபத்தொன்பதாம் வருஷம் அமெரிக்கா போய்வந்த எஞ்சினியர் வரதன், பெட்டியில் சோப்பு சென்ட்டோடு ஒரு கிறுக்கையும் மடித்து வைத்துக் கொண்டுவந்தார். அங்கே பெரிய பெரிய கம்பெனிகளே கால் மைல் தூரம் நேராக ஓடுவதற்கென்று தனியாகக் கார் செய்கிறார்களாம். வளைவில் திரும்ப வேண்டாம், குடும்பத்தை ஏற்ற வேண்டாம், பச்சை விளக்கு எரிந்ததும் பாய வேண்டும், பத்துப் பதினோரு செகண்டில் எல்லாம் முடிந்துவிட வேண்டும். அதற்காக இருப்பதிலேயே பெரிய எஞ்சினை முன்னால் திணித்துவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கி எறிகிறார்களாம், பின் சீட்டு கிடையாது, ரேடியோ கிடையாது, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய பிளாஸ்டிக், கதவையும் பானெட்டையும் ஆசிட் தொட்டியில் முக்கித் தகரத்தைப் பாதியாகக் கரைத்துவிடுவது. வாங்குகிறவன் கண்ணில் படும்படி உள்ளே ஒரு காகிதச் சீட்டும் ஒட்டிக் கொடுக்கிறார்களாம், இந்த வண்டிக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்று. வரதனுக்கு எல்லாவற்றிலும் அந்தச் சீட்டுதான் ரொம்பப் பிடித்துப்போயிருந்தது.

அப்படி ஆறு கார் செய்வதற்குக் கம்பெனியின் பின்கட்டில் எடை குறைக்கிற லைட் செக்‌ஷன் என்று ஒன்று கிளம்பியது. அதற்கு மேஸ்திரி தணிகாசலம், ஆசிட் தொட்டிக்குக் கன்னியப்பன். இந்தக் கன்னியப்பன்தான் பட்டம்மாளின் புருஷன். பன்னிரண்டு வருஷத்துக் கல்யாணம், பிள்ளை இல்லை, அவனுக்கு அவளும் அவளுக்கு அவனும் என்று இருந்தார்கள். காலையில் ஒரு கதவைத் தொட்டியில் இறக்குவான், பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி புரட்டிப் புரட்டி எடுப்பான், சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு தராசு மேடையில் ஏறி நிற்பான். அகலமான தகடு மேடையில் தானாக நிற்காது என்பதால் அப்படி ஒரு வழக்கம். தணிகாசலம் முள்ளைப் பார்த்து, அதில் கன்னியப்பனின் அறுபத்து இரண்டைக் கழித்து, மிச்சத்தைக் கரும்பலகையில் எழுதுவார். கன்னியப்பன் 62 என்று தராசின் முகத்திலேயே வெள்ளை பெயின்டில் எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனி பிறந்ததிலிருந்து கதவுகள் அதிசயமாக இளைத்தன. பதினாலு கிலோக் கதவு ஏழானது, ஏழு நாலானது, பிறகு ஒருநாள் கழித்துப் பார்த்தால் கதவின் எடை பூஜ்யத்துக்குக் கீழே மூன்று கிலோ என்று வந்தது. தணிகாசலம் இரண்டு தடவை கழித்துப் பார்த்துவிட்டு அதையே எழுதினார். வரதன் கதவைப் போட்டோ எடுத்தார், செக்‌ஷனில் எல்லாருக்கும் மிக்சரும் டீயும் கொடுத்தார்கள், கன்னியப்பனுக்கு மாலை போட்டார்கள். ஆளையும் ஒரு தடவை நிறுத்துப் பார்ப்போம் என்று அத்தனை படித்த மண்டையில் ஒன்றுக்காவது தோன்ற வேண்டுமே, தோன்றவில்லை. ஆளின் எடைதான் பெயின்டில் எழுதியாகிவிட்டதே, அது எப்படி மாறும். பெயின்ட் அடிக்கிற இடத்துப் பெரிய ஃபேனுக்கு முன்னால் பானெட்டோடு நடந்துபோன கன்னியப்பனைக் காற்று அலாக்காகத் தூக்கி எதிர்ச் சுவரில் ஒட்டிவைத்த அன்றுதான் அவனை வெறுங்கையோடு தராசில் ஏற்றினார்கள். நாற்பத்தொன்று காட்டியது. பார்க்க அதே ஆள், அதே தொந்தி, அதே மீசை. இருபத்தொரு கிலோவைக் காணோம்.

போனது எங்கே போயிற்று என்று கம்பெனி கேட்கவில்லை, போனதே பெரிசு என்று இருந்தார்கள். எங்கே போயிற்று என்பதைக் கண்டுபிடித்தவள் நாலாம் வீட்டு ரஞ்சிதம். குழாயடியில் ஈரமண்ணில் பட்டம்மாளின் பாதம் கணுக்கால் வரை இறங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு விறகுக் கடைக்குப் போய்ப் பெரிய தராசில் ஒரு பக்கம் உட்காரவைத்தாள். மறு தட்டில் விறகைப் போடப் போடக் கடைக்காரருக்குக் கை ஓய்ந்துபோனது. கம்பெனித் தராசில் அவன் ஒரு கிலோ குறைந்தால் வீட்டில் அவளுக்கு ஐந்து கிலோ ஏறியது. ஒன்றுக்கு ஒன்றுதானே ஏற வேண்டும் என்று வரதன் பிற்பாடு காகிதத்தில் போட்டுப் பார்த்துக் குழம்பினார். காலனியில் எந்தப் பெண்ணையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, காலனி இதற்கு ஒரே வாரத்தில் பழகிவிட்டது. கன்னியப்பனை எல்லாருக்கும் பிடித்துப்போனது. அவன் தெருவில் வரும்போது பாதி நடையும் பாதி மிதப்புமாக வந்தான், முடி வெட்டுகிறவர் அவன் இடுப்பில் துண்டைப் போட்டு நாற்காலியோடு கட்டிக்கொண்டு வெட்டினார், டீக்கடையில் அவன் மடியில் சர்க்கரை டப்பாவை வைத்துவிட்டு டீயைக் கொடுத்தார்கள். எடை போனதோடு கவலையும் போயிற்று. அம்மாவுக்குத் திதி கொடுக்க மறந்தான், மறந்ததைச் சொன்னபோது சிரித்தான், எட்டாம் வீட்டுச் சாவில் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு காற்று எவ்வளவு சுகமாக அடிக்கிறது என்று பேசினான். அவன் பாரம் எல்லாம் எங்கே இருந்தது என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே. திதி நாளன்று காலையிலிருந்து பட்டம்மாள் மாமியாரை நினைத்து அழுதுகொண்டிருந்தாள், உயிரோடு இருந்தவரை அவளைக் கரித்துக் கொட்டிய மாமியார்.

அவளுக்கும் காலனி ஒரு வேலை கண்டுபிடித்தது. முதலில் மரியாதையாகத்தான் கேட்டார்கள், அக்கா, புது சிமென்ட் தரை போட்டிருக்கிறோம், கொஞ்சம் நடந்துவிட்டுப் போகிறாயா என்று. பிறகு பந்தல் கால் ஊன்றினால் அவளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள், எருமை அவிழ்த்துக்கொண்டு ஓடினால் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்கள், கார்த்திகைப் புயலில் நாலு வீட்டுத் தகரக் கொட்டகையையும் அவள் இடுப்பில் கட்டி, அவளைத் தெரு நடுவில் கொட்டுகிற மழையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொட்டகைகள் பிழைத்தன, அவளுக்குப் பத்து நாள் காய்ச்சல். வீட்டுக்குள் மட்டும் யாரும் கூப்பிடவில்லை, தரை விரிசல் விட்டுவிடும் அல்லவா. கோயில் பிரகாரத்திலும் கல் பெயர்கிறது என்று பூசாரி வாசலிலேயே விபூதி கொடுத்து அனுப்பினார். பட்டம்மாள் என்ற பெயரையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார்கள். கல்லைக் கூப்பிடு என்றால் போதும், அவள் வருவாள். அந்தப் பெயரை முதலில் சொன்னது ரஞ்சிதம்தான். அவள் புருஷன் அருணகிரியும் லைட் செக்‌ஷன் ஆள்தான், ஆனால் அப்போது டிரில் போடுகிற பக்கம் இருந்தான்.

பட்டம்மாளுக்கு ஒன்றே ஒன்று தெரிந்திருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து கன்னியப்பன் வந்ததும், அவனை முற்றத்தில் உட்காரவைத்து, காய்ச்சின நல்லெண்ணெயை உச்சந்தலையில் வைத்து அழுத்தித் தேய்ப்பாள், கல்யாணமான நாளிலிருந்து நடக்கிற எண்ணெய் முழுக்கு. அப்படித் தேய்க்கும்போது அவள் கை வழியே என்னவோ இறங்கும். அவளுக்கு மூச்சு லேசாகும், அவன் உட்கார்ந்திருந்த மணை ஒரு தரம் முனகும். எழுந்து நிற்கும்போது அவன் பாதம் தரையில் பதியும், முகத்தில் பழைய யோசனை ஒன்று வந்து உட்காரும், அடுப்பில் என்ன இருக்கிறது, வாடகை கொடுத்தாயா, உன் தங்கை கடுதாசி போட்டாளா என்று கேட்பான். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் அவளுக்குப் புருஷன்.

"தொட்டி வேலைய விட்டுடு. பழைய செக்‌ஷனுக்கே போயிடு," என்றாள் ஒரு சனிக்கிழமை.

"இன்னாத்துக்கு? என்னியத்தான் வண்டி ஓட்டச் சொல்லப் போறாரு மேஸ்திரி. எவனுக்குக் கிடைக்கும்? காலு கீழ கீதா மேல கீதான்னே தெரியல பட்டு, அவ்ளோ சொகமா கீது."

"உனுக்கு சொகமா கீது. எனுக்கு எப்டி கீதுன்னு கேட்டியா நீ?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். எண்ணெய் இறங்கின கண்ணில் ஒரு கணம் எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. கேட்க வாயெடுத்தான், அதற்குள் தெருவில் யாரோ கூப்பிட்டார்கள்.

திங்கட்கிழமைத் தராசு காட்டிக்கொடுத்தது. ஆறு நாளில் மூன்று கிலோ இறங்குகிற ஆள் ஒரு சனி ஞாயிறில் இரண்டு கிலோ ஏறி வருகிறான் என்றால் வீட்டில் ஏதோ நடக்கிறது. தணிகாசலம் கன்னியப்பனையே கேட்டார், அவனும் சிரித்துக்கொண்டே எண்ணெய்க் கதையைச் சொல்லிவிட்டான். அன்றோடு அவனை வீட்டுக்கு விடவில்லை. லைட் செக்‌ஷன் கூரையில் ஒரு கொக்கியில் கயிறு மாட்டி, மறுமுனையை அவன் இடுப்பில் கட்டி, அங்கேயே தங்கவைத்துத் தொட்டி வேலையைத் தொடரவிட்டார்கள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐப்பசியில் பட்டம்மாள் கம்பெனி வாசலுக்கு வந்து நின்றாள். அவள் நின்ற இடத்தில் தார் ரோடு உள்வாங்கியது, கூர்க்கா அவளை வரிசையாகப் பதித்திருந்த கருங்கல்லின்மேல் நகர்ந்து நிற்கச் சொன்னான்.

"நாளைக்கு தீபாவளி மேஸ்திரி. தலைக்கு ஒரு சொட்டு எண்ணெ வச்சிட்டுப் பூட்றேன்."

தணிகாசலம் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். குரலைத் தணித்துத்தான் பேசினார். "உன் ஒரு சொட்டு எண்ணெக்கு என் பசங்க ஒரு வாரம் ஒழைக்கணும்மா. தை கடைசியில பந்தயம். அது முடிஞ்சதும் ஒன் ஆள ஒங்கிட்டியே குடுத்துடறேன், அண்டா நெறைய எண்ணெ தேச்சிக்க."

"அதுக்குள்ள அவரு முழுசா கரைஞ்சிட்டார்னா?"

"ஆளு எங்கம்மா கரையறான்? பாக்க அப்டியேதான கீறான்."

கொண்டுவந்த எண்ணெயை அவள் கொட்டவில்லை. ஒரு சின்ன மருந்து பாட்டிலில் ஊற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள், அன்றிலிருந்து குளிக்கிற நேரம் போக எந்நேரமும் அது அவள் இடுப்பில் இருந்தது.

தை கடைசி ஞாயிறு வந்தது. ஓடுதளத்துப் புல்லை வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, சவுக்குக் கட்டையில் தடுப்புக் கட்டி, பட்டணத்திலிருந்து இருபதாயிரம் ஜனம் வந்து வெயிலில் நின்றது. எதிர்க் கார் ஒரு காபித் தோட்ட முதலாளியின் மகனுடையது, கப்பலில் வந்தது, ரத்தச் சிவப்பு. கம்பெனியின் கார் வெள்ளை. அதன் முன்சீட்டில், எடைக்காகக் கையை வெட்டி எறிந்த பனியனோடு, இரண்டே கிலோ எடையில் கன்னியப்பன் உட்கார்ந்திருந்தான். தலைக்கு ஹெல்மெட் கொடுக்கவில்லை, அதுவே ஒன்றரைக் கிலோ.

காலையில் வெள்ளோட்டம் விட்டார்கள். எஞ்சின் உறுமியது, பின் சக்கரம் இரண்டும் பைத்தியம் பிடித்த மாதிரி சுழன்றன, ரப்பர் கருகிப் புகை எழுந்தது, கார் நின்ற இடத்தில் நின்றது. தரையைப் பற்றுவதற்கு அதனிடம் எடையே இல்லை. எட்டு மாசம் ராவிக் கரைத்துத் துளைத்து எறிந்த அத்தனை பேரும் சுற்றிச் சுற்றி வந்து சக்கரத்தைப் பார்த்தார்கள். ஜனம் கைகொட்டிச் சிரித்தது, வரதனின் முகம் சுண்டிப்போயிற்று.

"பின்னாடி வெயிட்டு வோணும் சார்," என்றார் தணிகாசலம். "பேட்டரிய டிக்கில வச்சது பத்தல."

"மூட்டை, கல், இரும்பு எதுவும் ஏற்றக் கூடாதுன்னு ரூல் இருக்குய்யா."

"ஆளு ஏறக்கூடாதுன்னு கீதா?"

வரதன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அப்படி ஒரு விதி இல்லை, அப்படி ஒன்று தேவைப்படும் என்று எவனும் நினைத்திருக்க மாட்டான். கல்லைக் கூப்பிடு என்று ஒரு குரல் கிளம்பியது, காலனி மொத்தமும் திரும்பிப் பார்த்தது, தடுப்புக்கு வெளியே சற்றுத் தள்ளி நின்றிருந்த பட்டம்மாள் தானாகவே நடந்து வந்தாள்.

வரதன் ஒரு சீட்டை நீட்டினார். "இதில் கைநாட்டு வைம்மா."

"இன்னா எழுதிகீது?"

"ஒன்றும் இல்லை. வழக்கமா வண்டியில ஒட்டுறதுதான்."

அவள் வைத்தாள். எஞ்சின் இறக்குகிற செயின் பிளாக்கைக் கொண்டுவந்து, இடுப்பில் சங்கிலி போட்டு அவளைத் தூக்கினார்கள். சுற்றி இருந்தவர்கள் வழிகாட்டினார்கள், மெல்ல, மெல்ல, பெயின்ட் உரசப் போகிறது என்று. முந்நூற்று ஐம்பது கிலோவுக்கு நாலு கூடுதல். டிக்கியில் இறக்கியதும் வண்டியின் பின்பக்கம் கும்பிடு போடுகிற மாதிரி தாழ்ந்தது, சக்கரம் இரண்டும் தரையை அழுத்திப் பிடித்துக்கொண்டன, தணிகாசலத்துக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. வண்டியிலிருந்து எடுத்து எறிந்ததில் முக்கால்வாசி இப்போது பின்னால் வந்து உட்கார்ந்திருந்தது, ஆனால் அதைக் கழித்துப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை.

பட்டம்மாளுக்கு அவமானமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது, இப்படிச் சொல்வதற்கே வயிறு எரிகிறது. பின் சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டதால் டிக்கிக்கும் முன்சீட்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரு கை நீளத்தில் அவன் தலை இருந்தது. மூன்று மாசமாக எண்ணெய் காணாமல் வைக்கோலாகக் காய்ந்து, உச்சியில் செம்பட்டை ஏறிப்போன தலை. கோட்டுக்கு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், பக்கத்தில் சிவப்புக் கார் உறுமியது, விளக்குக் கம்பத்தில் மஞ்சள் எரிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஓடினால் என்ன, தோற்றால் என்ன, உச்சந்தலையில் ஒரு கை எண்ணெய், ஒரே அழுத்து, தன்னிடம் இருக்கிற அவன் அறுபது கிலோவையும் அவனுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டால் இன்று சாயங்காலம் அவன் தன் காலால் நடந்து வீட்டுக்கு வருவான், அடுப்பில் என்ன இருக்கிறது என்று கேட்பான். அவள் இடுப்பிலிருந்து பாட்டிலை எடுத்துத் திறந்து, உள்ளங்கை நிறைய ஊற்றிக்கொண்டு, கையை நீட்டினாள்.

எடைக்காகப் பின்பார்வைக் கண்ணாடியையும் கழற்றியிருந்தார்கள், அவன் அவளைப் பார்க்கவில்லை. நல்லெண்ணெய் வாசனைதான் அவனுக்குப் போயிருக்க வேண்டும். பின்னால் அவளை ஏற்றியதற்கு ஒரு வார்த்தை பேசாதவன் இப்போது பேசினான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, வெகு லேசாகச் சொன்னான்.

"தொடாத பட்டு. டைமு பூடும்."

கை அவன் தலைக்கு நாலு விரல்கடை தூரத்தில் நின்றது. தொட்டிருக்கலாம். தடுக்க அங்கே யாரும் இல்லை, அவளைத் தள்ளிவிடுகிற பலம் அவனுக்கும் இல்லை. ஆனால் அது பன்னிரண்டு வருஷம் அவன் சொன்னதைக் கேட்டே பழகின கை, பாழாய்ப்போன கை, அது தானாகப் பின்னுக்கு வந்துவிட்டது. வந்த அதே கணத்தில் அவனிடம் மிச்சமிருந்த இரண்டு கிலோவும் அவள்மேல் வந்து இறங்கியது. அதுவரை ஏறினது எல்லாம் சேர்ந்தும் இந்தக் கனம் இல்லை. டிக்கிக்குக் கீழே ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

பச்சை எரிந்தது. கார் பாய்ந்தது. பத்தரை செகண்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

வண்டி ஓய்ந்து நின்றதும் கன்னியப்பன் ஜனத்துக்குக் கை காட்டுவதற்காகக் கதவைத் திறந்தான், காட்டின கையோடு மேலே போனான். நேரம் எழுதிய பலகையைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள், இருபதாயிரம் பேரும் அதைத்தான் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள், வரதன் தணிகாசலத்தைக் கட்டிப்பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார். பின்பக்கத்து மெல்லிய பிளாஸ்டிக் வழியாக அவன் போவதைப் பார்த்தவள் பட்டம்மாள் ஒருத்திதான். சிரித்துக்கொண்டே போனான். சவுக்குத் தோப்பு உயரம், தண்ணீர் டாங்கி உயரம், பருந்து சுற்றுகிற உயரம். கீழே ஒரு தரமும் பார்க்கவில்லை. அவள் கூப்பிட்டாள், அந்தக் கூச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அப்புறம் ஒருவர் இருவராகத் தெரிந்துகொண்டார்கள். மேல்காற்று, கடல் பக்கமாகத்தான் போகும் என்று காலனிக்காரர் ஒருவர் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்துச் சொன்னார், மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். தணிகாசலம் டிக்கிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். பாவம், தனக்குத் தெரிந்த வேலையைப் பற்றிச் சொன்னார்.

"எறங்காதம்மா. மத்தியானம் இன்னொரு ஓட்டம் கீது."

அதற்குள் முன்சீட்டில் புது ஆளை உட்காரவைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பனைக் கொக்கியில் கட்டிய பிறகு தொட்டிக்குத் துணை ஆளாக மாற்றப்பட்டிருந்த அருணகிரி, காற்றில் கொஞ்சம் ஆடிக்கொண்டே எல்லாரையும் பார்த்துச் சிரித்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம், செருப்பு வார் அறுந்து, பாதம் தாரில் மெல்லப் புதைவதைக் குனிந்து பார்த்தபடி ரஞ்சிதம் நின்றிருந்தாள்.

பட்டம்மாளின் உள்ளங்கையில் எண்ணெய் இன்னும் அப்படியே இருந்தது, வெயிலுக்குச் சூடாகி விரலிடுக்கில் வழியத் தொடங்கியிருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் தன் தலையிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டாள்.